கண்ணையனின் வலது கால்

“இன்னும் கொஞ்சம் கீழம்மா. பெருவிரல் மடங்கிக் கெடக்கு, நிமித்தி விடு.”

சமீரா குனிந்து, மெத்தையின் மேல் எதையோ பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். அங்கே கால் இல்லை. எறையூர் ரோட்டில் கரும்பு டிராக்டர் ஏறி நசுங்கிய வலது காலை, முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள்.

“அப்பாடா” என்று கண்ணை மூடினார் கண்ணையன்.

பக்கத்துக் கட்டில் பெரியசாமி சுவரோரமாக நகர்ந்துகொண்டார். சிறுவாச்சூர் அம்மன் குங்குமத்தை நெற்றியில் அப்பிக்கொண்டு நர்சைக் கூப்பிட்டார்.

“என்னை வேற வார்டுக்கு மாத்துங்க. நேத்து இந்தப் புள்ள அந்தக் காலுக்குப் போர்வை போத்தி விட்டுச்சு. உள்ள கால் இருக்குற மாதிரியே மேடா நின்னுச்சுங்க.”

பெரம்பலூரின் அந்த ஆஸ்பத்திரியில் சமீரா பிசியோதெரபி இன்டர்ன். கொரோனாவில் ஆரம்பித்த படிப்பு. கைப்பழக்கம் வர வேண்டிய வகுப்பெல்லாம் லப்பைக்குடிகாட்டு வீட்டில், போனிலேயே ஓடிவிட்டன. தலையணைதான் நோயாளி. அது என்றைக்குக் கத்தியது?

பெரியசாமி கத்தினார். இவள் வார்டுக்கு வந்த முதல் நாளே, அவர் தோளைத் தூக்கும்போது கை நடுங்கிவிட்டது. “போன்ல படிச்ச புள்ள என்னைத் தொடக் கூடாது” என்று அவர் சொன்னதும், வார்டில் எல்லோரும் கைகால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

கண்ணையன் மட்டும்தான் கூப்பிட்டார். “எனக்கு வலிக்குதும்மா, வா.”

“எங்கங்கய்யா?”

வெறும் மெத்தையைக் காட்டினார்.

எடுத்துவிட்ட காலிலும் வலி வரும் என்று ஆன்லைன் வகுப்பில் கேட்டிருந்தாள்தான். ஆனாலும் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காற்றில் கை வைத்தாள். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து.

இன்று, இன்டர்ன்களுக்குப் பொறுப்பான பிசியோதெரபிஸ்ட் அசோக்கே பார்த்துவிட்டார்.

“என்ன நாடகம் இது? வேற பேஷன்ட் ஒருத்தரையும் நீ தொடலயாமே. இப்படியே போனா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்டர்ன்ஷிப்பத் திரும்பப் பண்ண வேண்டியதுதான்.”

சமீராவின் முகம் செத்துப்போனது. “வலிக்குதுன்னு சொல்றாருங்க சார்.”

“வெளிய போய் நில்லு.”

அவள் போனதும் அசோக் கட்டிலருகே வந்தார். “அந்த வலி ரொம்ப இருக்கா? டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரை தரச் சொல்றேன்.”

கண்ணையன் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“வேணாங்க சார். அங்க இருந்த வலியெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு.”

“அப்புறம் எதுக்கு அந்தப் பொண்ணப் போட்டுப் படுத்துறீங்க?”

“எங்களுக்கு வலிச்சிடுமோன்னு பயந்துதான் சார் அந்தப் புள்ளைக்குக் கை நடுங்குது. இல்லாத காலத் தப்பாப் புடிச்சா யாருக்கும் வலிக்காதுல்ல? ரெண்டு நாளாக் கை நடுங்கல. நாளைக்கு, இருக்குற காலை அதுகிட்ட நீட்டப் போறேன்.”