பச்சை வாசம்

எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிடும் புது வேலைக்காரப் பெண் இன்று வறுவல் அடுப்புப் பக்கம் நின்றாள். அவளை அங்கே மாற்றச் சொன்னது சூப் வைக்கும் சூப் அக்கா.

"எல்லாத்துலயும் மூக்க நுழைக்குது சார்," என்று நேற்று மேனேஜரிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சமையலறையில் சூப் அக்கா சொன்னால் சொன்னதுதான்.

சாப்பாட்டுக் கடை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. இருமல்காரர்களும் தொண்டை கட்டிய வாத்தியார்களும் கேட்டு வாங்குவது ஒரே சூப். கோழிச் சாற்றில் சித்தரத்தை போட்டது.

கிழங்கை வட்டம் வட்டமாக நறுக்கிப் போட வேண்டும். பச்சை வாசம் அடங்கியதும் அரித்து எடுத்துவிட வேண்டும். முன்னால் எடுத்தால் மருந்து நெடி. பிந்தினால் கசப்பு.

கடிகாரம் இதற்கு உதவாது. இளங்கிழங்கு சீக்கிரம் அடங்கும். முற்றியது அடம்பிடிக்கும். மூக்குதான் சொல்ல வேண்டும்.

போன மழையில் வந்த காய்ச்சலோடு சூப் அக்காவுக்கு வாசம் தெரியாமல் போயிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஊர் தொண்டையை எல்லாம் திறந்துவிட்ட சித்தரத்தையைத் தானும் கஷாயம் வைத்துக் குடித்தாள். பொடித்துத் தேனில் குழைத்து நக்கினாள். துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே தூங்கினாள். சளி போனது. வாசம் திரும்பவில்லை.

நாக்குக்கு உப்பும் புளிப்பும் காரமும் தெரிந்தன. கசப்பும் தெரிந்தது. ஆனால் நாக்கு கசப்பைச் சொல்லும்போது சட்டி கைவிட்டுப் போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுசு வேலைக்குச் சேர்ந்தாள்.

வெங்காயம் உரிக்க வந்தவள். உரித்தோமா போனோமா என்று இருக்க மாட்டாள். சூப் சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள்.

"இன்னும் பச்ச வாசம் போகலல்லக்கா?" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடங்கிருச்சு. எடுத்துடலாமாக்கா?" என்பாள். சமையலறை முழுக்கக் கேட்கும்.

சூப் அக்காவுக்கு வயிறு எரியும்.

சொன்னவுடன் எடுத்துவிட மாட்டாள். கரண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, தனக்கே தோன்றியதுபோல எடுப்பாள்.

அந்த மூக்கைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பாள். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. சப்பையாக, நுனியில் ஒரு பருவோடு. அதைக் கழற்றித் தன் முகத்தில் மாட்டிக்கொள்வதாக ஒரு நாள் கனவுகூட வந்தது. அளவு சரியாக இருந்தது.

புதுசுக்கு ஜலதோஷம் பிடித்த அன்று சூப் அக்கா உள்ளுக்குள் சிரித்தாள். அன்றைக்கு சூப் கசந்தது. அந்தப் பழியையும் புதுசின் தலையிலேயே போட்டாள். கிழங்கைச் சரியாகக் கழுவவில்லை என்று. புதுசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

போன வாரம் முதலாளி காதிலும் புதுசின் 'அடங்கிருச்சு' விழுந்தது. "நல்ல மூக்கு," என்று சிரித்தார்.

அவ்வளவுதான் சொன்னார். சூப் கரண்டி அந்தக் கைக்குப் போவது சூப் அக்காவுக்கு அன்றிலிருந்து கண்ணிலேயே நின்றது. இவள் இல்லாமல் எத்தனை வருஷம் சமைத்திருக்கிறேன் என்று வீராப்பாக நேற்று மேனேஜரிடம் போனாள்.

இப்போது சட்டி கொதித்தது. முதலாளி ருசி பார்க்க வரும் நேரம்.

குனிந்து ஆவியை இழுத்தாள். சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

வறுவல் அடுப்புப் பக்கம் காதைக் கொடுத்தாள். இந்நேரம் அங்கே புதுசின் நாட்டாமை தொடங்கியிருக்க வேண்டும். சத்தமே இல்லை.

வறுவல் அண்ணன் உப்பு டப்பாவுக்காக வந்தார்.

"நல்ல ஆளத்தான் தள்ளிவிட்டீங்க போங்க. காலையிலருந்து வாயே தொறக்கல. பூண்டு தீயுது, பக்கத்துலயே நிக்குது, ஒரு வார்த்த சொல்லல. எனக்கு வாசம் வந்து நானாத்தான் எறக்குனேன்."

சூப் அக்காவின் கரண்டி நின்றது.

முன்பு ஒரு நாள் அவள் கை தவறி சூப்பில் உப்பு இரட்டிப்பாக விழுந்திருந்தது. கடையே முகத்தைச் சுளித்தது. புதுசு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்தாள், பேசாமல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

காரத்தைப் பற்றி அவள் எப்போதாவது வாய் திறந்திருக்கிறாளா? புளிப்பைப் பற்றி?

இல்லை. வாசம் மட்டும்தான். அதுவும் இந்தச் சட்டியின் வாசம் மட்டும். அதுவும் எப்போதும் கேள்வியாக. தனக்கு வாசம் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வாசலில் முதலாளியின் குரல் கேட்டது. செருப்பு உள்ளே வந்தது.

சூப் அக்காவுக்குக் காது சுட்டது. சட்டி அதுபாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏ புதுசு," என்று கூப்பிட்டாள். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "எடுத்துடலாமா?"

நறுக்கும் சத்தம் நின்றது. வறுவல் அண்ணன் திரும்பினார். முதலாளி அப்படியே நின்று சூப் அக்காவைப் பார்த்தார்.

புதுசு அரிகரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஐயோ, அப்பவே எடுக்கச் சொன்னீங்களேக்கா. நான்தான் மறந்துட்டேன்."

சூப் அக்கா ஓர் அடி நகர்ந்து சட்டிக்கு முன்னால் இடம் விட்டாள்.