ஸ்பீக்கரில் சொன்ன சம்பளம்

"சார், ஒரு விஷயம்" என்று அவன் வாயைத் திறந்ததும் முதலாளியின் போன் அடித்தது.

முதலாளி ஒரு விரலைத் தூக்கினார்.

இரு என்று அர்த்தம். ஆறு வருடமாக அந்த விரலுக்கு அதே அர்த்தம்தான்.

அவன் இருந்தான். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

முதலாளிக்குக் காது மந்தம். எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கர்தான்.

"வணக்கமுங்க. பள்ளிபாளையத்துல இருந்து பேசறனுங்க. உங்க கம்பெனில கணக்குப் பாக்கற தம்பிக்கு எங்க பொண்ணக் கேட்டிருக்காங்க. அதான், ஒரு வார்த்தை விசாரிச்சுக்கலாம்னு."

அவன் கை தானாகப் போய்ச் சட்டைப்பையை மூடியது.

ஞாயிற்றுக்கிழமைதான் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருப்பதாகத் தரகர் சொன்னார். அவளுடைய அப்பாவுக்குப் பிடிக்க வேண்டியது அவனுடைய வேலை மட்டும்தான்.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கமான பையனுங்க. கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்."

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அவனைக் கேட்டார்.

"நீ என்னப்பா படிச்சிருக்கற?"

"எம்.காம். சார்."

"எம்.காமுங்க. அதனாலதான் பாத்துப் பாத்து எடுத்தனுங்க."

எடுத்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி. பைக் இருக்கிறதா?

"கெட்ட பழக்கம் ஒண்ணு கெடையாதுங்க. டீ கூட நம்ம ஆபீஸ் டீதான்."

ஆபீஸ் டீயைப் போன மாதமே நிறுத்தியாயிற்று. நிறுத்துகிறோம் என்று சுவரில் ஒட்டிய தாளை டைப் செய்தது அவன்தான்.

"நம்ம வீட்டுப் பையன் மாதிரிங்க."

முதலாளியின் சொந்த வீட்டுப் பையன் மாடியில் ஏ.சி.யில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பையனின் காருக்குக் கம்பெனிக் கணக்கிலிருந்து தவணை போகிறது. ஒரு மாதத் தவணை, கணக்குப் பார்ப்பவனின் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு.

"இத்தன வருசத்துல சம்பளம் கூட்டிக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க."

கேட்டான்.

கொரோனா வந்தபோது கேட்டான். கொரோனா வந்திருக்கிறதே என்றார். கொரோனா போன பிறகு கேட்டான். பேத்திக்குக் காதுகுத்து என்றார்.

"அடிச்சுத் தொரத்துனாலும் வேற எடத்துக்குப் போகமாட்டானுங்க."

சட்டைப்பைக்குள் கடிதம் வியர்வையில் நனைந்தது.

ஆறு வருடத்தில் அவன் முகத்துக்கு நேரே ஒரு தடவைகூடச் சொல்லாத பாராட்டு. முன்பின் தெரியாத ஒருவருக்கு இப்போது அண்டா அண்டாவாக ஊற்றிக்கொண்டிருந்தார். இலவசம் என்றதும் எவ்வளவு தாராளம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. சம்பளம் என்ன வருதுங்க? தரகர் குடுத்த தாள்ல கைநிறையன்னு மட்டும் போட்டிருந்துது."

வருவது பதினாறாயிரம்.

முதலாளி அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"முப்பத்தஞ்சு குடுக்கறமுங்க."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் அவனைச் சுட்டது.

இப்படிப்பட்ட ஓர் ஆளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அவர் மறுபடி போனைப் பொத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"உனக்காகத்தாம்ப்பா சொன்னேன். இதுல நமக்கென்ன செலவு?"

அவன் மனதுக்குள் கழித்துப் பார்த்தான். பழக்கதோஷம். பத்தொன்பதாயிரம். மாதாமாதம் அதை எங்கிருந்து கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பது?

கடிதத்தைக் கொடுத்தால் வேலையில்லாத மாப்பிள்ளை. கொடுக்காவிட்டால் பொய்ச்சம்பள மாப்பிள்ளை.

"தம்பி பக்கத்துல இருக்காருங்களா? ஒரு வார்த்தை பேசலாமுங்களா?"

முதலாளி போனை அவன் பக்கம் தள்ளினார். பேசு பேசு என்று கையைக் காட்டினார். ஒரு கல்யாணத்தையே முடித்துவைத்த முகம்.

அவன் போனருகே குனிந்தான்.

"வணக்கமுங்க. சார் சொன்னத நானும் பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தனுங்க. முப்பத்தஞ்சுதானுங்க. அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் பேங்க் பாஸ்புக்க எடுத்துட்டு வர்றனுங்க. நீங்களே பாத்துக்கங்க."

முதலாளியின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது.

"அய்யய்யோ, அதெல்லாம் எதுக்குங்க மாப்ளே! பெரியவங்க அவங்க வாயால சொன்னாப் போதாதுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"அவங்க வாயால சொன்னதாலதானுங்க கொண்டாரேன்."

சட்டைப்பையிலிருந்து கடித உறையை எடுத்தான். ராஜினாமா என்று மேலே அவனே எழுதியிருந்தான். எழுத்து தெரியும்படி முதலாளி பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தான்.

அது பறந்துவிடாமல் இருக்க, போனைத் தூக்கி அதன் மேல் வைத்தான்.

போனில் பெண்ணின் அப்பா வைகாசியில் முகூர்த்தம் எத்தனை என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் எதிர் நாற்காலியை இழுத்தான். யாரும் சொல்லாமலே உட்கார்ந்தான்.

முதலாளி உறையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

அவன் ஒரு விரலைத் தூக்கினான்.