ஒயர் பிடிக்கிறவன்

“மறுபடி மினுக்குதுடா கிட்டு. நாளைக்கு வந்து பார்க்கிறியா?”

போனில் அக்கா அகல்யா இப்படிக் கேட்டதைக் கிட்டுவால் நம்ப முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான். இந்த வாரம் அக்கா கூப்பிட மாட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டும் விட்டான். “வரேன்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஞாயிறு காலை ஊர்க்கோடியில் தான் குடியிருக்கும் சாகணிலிருந்து பைக்கில் கிளம்பி, வழியில் நொறுக்குத் தீனியாக ஒரு பொட்டலம் பாக்கர்வடி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அக்காவும் தம்பியும் ஒரே ஊரில் இருந்துகொண்டு மூன்று வருடம் பேசாமல் இருந்தவர்கள். அப்பாவின் காரியத்தன்று, “அவர் உயிரோட இருக்கிறப்போ எத்தனை தடவை வந்தே?” என்று அகல்யா கேட்டாள். நியாயமான கேள்வி என்பதால்தான் கிட்டுவுக்கு அவ்வளவு கோபம் வந்தது. அதன்பிறகு பண்டிகைக்குப் பண்டிகை வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

அதற்கொரு முடிவு கட்டியது ஒரு மானிட்டர். நாள் முழுக்க வங்கியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவது அகல்யாவின் ரகசிய ஆசை. ஐம்பதை நெருங்கும் மேனேஜரம்மா இதற்கென்றே பெரிய மானிட்டர் வாங்கியிருக்கும் சங்கதி வங்கியில் யாருக்கும் தெரியாது. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அது மினுக்கியது. வீறாப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

முதல் வாரம் ஒயர் தளர்ந்திருந்தது. அழுத்திவிட்டுப் போனான். அடுத்த வாரம் மறுபடி மினுக்கல். அப்போது சாஃப்ட்வேர் பழசு என்றான். அதற்கடுத்த வாரம் ஃப்ரிட்ஜும் இதுவும் ஒரே லைனில் இருப்பதுதான் கோளாறு என்றான். ஞாயிற்றுக்கிழமை சரியாகும், அடுத்த சனிக்கிழமைக்குள் கெட்டுப்போகும்.

“இந்தத் தடவையும் சரியாகலைன்னா தலைமுழுகிட்டுப் புதுசு வாங்குன்னு மாமா சொல்றார்” என்றாள் அகல்யா, காபியை நீட்டியபடி.

கிட்டு காபியை வாங்கி அப்படியே மேஜையில் வைத்தான். மானிட்டர் ஒழுங்காக வேலை செய்தால் இந்த வீட்டுக்கு வர அவனுக்கு வேறு சாக்கு கிடையாது. மன்னிப்புக் கேட்பது அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத வித்தை. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த அப்பா, அம்மாவோடு சண்டை போட்டால் மறுநாள் மிக்ஸியைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார். அதுதான் அவருடைய மன்னிப்பு. அம்மாவும் பேசாமல் ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக் கொடுப்பாள்.

“லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்த அந்த டப்பா மானிட்டர் ஞாபகம் இருக்கா?” என்று அகல்யா திடீரென்று கேட்டாள்.

மறக்குமா? எங்கிருந்தோ பழசாகக் கிடைத்ததை அப்பா சரிசெய்து கொண்டுவந்தது. விமானம் ஒன்று கிளம்பினால் ஜன்னல் கண்ணாடியோடு சேர்ந்து அதன் படமும் நடுங்கும். பின்னாலிருந்த ஒயரை ஒரு தினுசாக வளைத்துப் பிடித்தால்தான் திரை நிற்கும். அகல்யா நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து விளையாடுவாள். மேஜைக்கடியில் குந்தி ஒயர் பிடிப்பது கிட்டுவின் உத்தியோகம். அப்படியொரு சந்தோஷம் அதற்கப்புறம் வாழ்க்கையில் வரவேயில்லை என்று கிட்டுவுக்கு இப்போது தோன்றியது.

“பாதி ஆட்டத்துல வேணும்னே கையை விட்டுடுவே. மினுக்கினா நான் எழுந்துடுவேன், உன் டர்ன் வந்துடும்.”

“அது உனக்குத் தெரியுமா?”

“அரே, அப்பவே தெரியும்.”

“அப்போ ஏன் திட்டல?”

“திட்டினா கோவிச்சுண்டு கிரவுண்டுக்கு ஓடிடுவே. அப்புறம் ஒயரை யார் பிடிக்கிறது?”

கிட்டு சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். சும்மா இருக்கும்போது திரை சமர்த்தாக இருந்தது. ஆட்டத்தைத் திறந்து காரைக் கிளப்பியதும் சாலை, மரம், வானம் எல்லாம் மினுக்க ஆரம்பித்தன. ஒயரைத் தொட்டுப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தது. ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் செட்டிங்ஸைத் திறந்தான். திரை ஒரு விநாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு அங்கே ஓர் எண் உண்டு. நூற்று நாற்பத்து நான்குக்கு மேல் அந்த ஒயர் தாங்காது. நூற்று அறுபத்தைந்து என்று இருந்தது.

கிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, கண்டுபிடிச்சுட்டியா?”

“ம். கேம்ல ஒரு நம்பர் மாறியிருக்குக்கா.”

“அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்” என்றாள் அகல்யா, பாக்கர்வடியைக் கடித்தபடி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

எண்ணை மாற்றினான். மினுக்கல் நின்றது. சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல் இருவரும் மாறி மாறிக் கார் ஓட்டினார்கள். கிட்டு எல்லா ஆட்டத்திலும் தோற்றான். அகல்யா ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் அவன் ஹெல்மெட்டை எடுத்தபோது அகல்யா வாசல்வரை வந்தாள்.

“எதுக்கும் அடுத்த வாரமும் ஒரு தடவை வந்து பார்த்துடு. இதை நம்ப முடியாது.”

“மாமா புதுசு வாங்கச் சொன்னாரே?”

“அவர் கிடக்கார். ஒயர் பிடிக்கத்தான் நீ இருக்கியே.”

லிஃப்டில் இறங்கும்போது கிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாராவாரம் கிளம்பும் முன், அக்கா அடுக்களைக்குப் போகும் நேரம் பார்த்து அந்த எண்ணை நூற்று அறுபத்தைந்தாக்கிவிட்டு வந்தவன் அவன்தான். போன வாரம் மட்டும், அக்காவை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தவே, அதைத் தொடாமல் வந்திருந்தான்.