டெல்மர் வாங்கிய ஸ்கோப்

"மச்சான், இதுல ஒரு தடவை கண்ணை வச்சுப் பாரேன்" என்றான் டெல்மர்.

ராய்ஸ் பார்க்கவில்லை. கடைக்குள் நுழைந்ததிலிருந்தே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை வெர்னாவின் புருஷன் துணைக்குக் கூப்பிடுகிறானே என்று கிளம்பி வந்தால், எதற்கு என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. மருந்துத் துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்கவாம்; குழல்மேல் மாட்டிக் குறிபார்க்கிற தூரக்கண்ணாடி.

தெற்கு ஒஹாயோ மலைக்காட்டில் ராய்ஸின் அப்பா விட்டுப்போன மரவீடு ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் ஜனவரியில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தங்கி மான் வேட்டைக்குப் போவார்கள். குழலின் வாய்வழியே கரிமருந்தைப் போட்டு, குண்டைத் தள்ளி, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கி. ஒரு தடவை சுட்டு, மறுபடி கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

அதில் ஸ்கோப் மாட்டிக்கொள்ளச் சர்க்கார் சட்டம் இடம் கொடுக்கிறது. ராய்ஸின் சட்டம் கொடுக்காது. குழல் நுனியில் இருக்கும் முள்ளை வெறுங்கண்ணால் பார்த்துத்தான் சுட வேண்டும். காடு அவனுடையது, பேச்சும் அவனுடையது.

கடைக்காரர் மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். ரொம்பப் பெரிதாக்கிக் காட்டுவது வேண்டாம் என்றான் டெல்மர். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கிறதும் வேண்டாம், துப்பாக்கி உதைத்தால் புருவம் கிழிந்துவிடும் என்றான்.

"வெளிச்சம் போற நேரத்துல, புதர்ல நிக்கிறது என்னன்னு தெளிவாத் தெரியணும். அது போதும்."

சொல்லிவிட்டு மறுபடியும் ராய்ஸிடம் நீட்டினான். "நீயே பார்த்துச் சொல்லு மச்சான்."

"என்னை எதுக்குப் பாக்கச் சொல்ற? என் கண்ணு நல்லாத்தான் இருக்கு." ராய்ஸின் குரலில் கடையே திரும்பிப் பார்த்தது. "வெக்கமா இல்ல உனக்கு? போன வருஷம் ஓடைப் பக்கம் நான் ஒரு மானைத் தவறவிட்டேனே, இந்தக் கண்ணாடியைத் தேடி ஓடினேனா? சட்டையைக் காட்டிக்கிட்டு நின்னேன்ல?"

அது அந்த மரவீட்டு வழக்கம். குறி தப்பியவனின் சட்டையில் பின்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அதற்குப் பயந்து யாரும் பொய் சொல்வதில்லை. போன வருஷம் கத்தரிக்கோலைப் பிடித்தது டெல்மர்தான். எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. "வயசாகுது மச்சான், எல்லாருக்கும்தான். இஷ்டப்பட்டவங்க மாட்டிக்கலாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. முதல்ல நான் மாட்டிக்கிறேன். கேலி பண்றவன் என்னைப் பண்ணட்டும்."

"அதை மாட்டிக்கிட்டு என் வீட்டு வாசல மிதிக்காதே."

டெல்மர் பணத்தை எண்ணி வைத்து, நடுவில் இருந்ததை வாங்கிக்கொண்டான்.

தன் பேச்சை மீறி அவன் வாங்கியதுதான் ராய்ஸுக்கு ஆறவே இல்லை. திமிர் பிடித்தவன், தங்கை வாழப்போன இடம் என்று இத்தனை நாள் பொறுத்தது தப்பு என்று வழியெல்லாம் திட்டினான். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, டெல்மர் இனி வேட்டைக்கு வரமாட்டான் என்று அறிவித்தான். அப்படியும் கோபம் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரவீட்டுக்குப் போய், டெல்மரின் மடக்குக் கட்டில், வாணலி, பூட்ஸ் எல்லாவற்றையும் வாரி வண்டியில் போட்டான். நேரே தங்கை வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து, பனியில் ஒவ்வொன்றாக வீசினான்.

வாணலி உருண்ட சத்தத்தில் வெர்னா வெளியே வந்தாள்.

"என்னண்ணே இது?"

"உன் புருஷன் சாமான். கண்ணு தெரியாத ஆளுக்கு என் காட்டுல இடமில்ல. ஸ்கோப் கேக்குதாம் தொரைக்கு."

வெர்னாவின் முகம் சிவந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள்.

"அந்த ஸ்கோப் அவருக்கு இல்ல. உனக்கு."

"எனக்கா?"

"நீயா வாங்க மாட்ட. சொன்னாலும் கேக்க மாட்ட. முதல்ல அவர் மாட்டிக்கிட்டா, நீயும் கூச்சப்படாம மாட்டிக்குவேன்னு நெனச்சாரு. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. போகட்டும், அந்தச் சத்தியம் இன்னிக்கு நாசமாப் போகட்டும்."

"என் கண்ணுக்கு என்னடி கேடு?"

அவள் விருட்டென்று உள்ளே போனாள். காட்டில் நிற்பது மனுஷன் என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காக வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிற மேலங்கியோடு திரும்பி வந்தாள். டெல்மருடையது. அதை அண்ணன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, விலாப்பக்கம் இருந்த ஓட்டையில் விரலை நுழைத்துக் காட்டினாள்.

"நல்லாப் பார்த்துக்கோண்ணே. போன வருஷம் நீ தவறவிட்ட மான், உள்ள உக்காந்து சோளரொட்டி தின்னுக்கிட்டு இருக்கு."