குழந்தை இல்லாதவர்கள் மட்டும்

"பிள்ளைங்க இருக்குன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க, மேடம்" என்றார் டை.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் அவர். எந்த வெயிலிலும் கழுத்தில் டை தொங்கும். அதனால் அவளுக்கு அவர் டை.

"இருக்கே. ரெண்டு இருக்கே."

"இருக்கட்டும் மேடம். நல்லா இருக்கட்டும். இன்டர்வியூவில மட்டும் இருக்க வேண்டாம்."

ஏற்கெனவே அவளை நன்றாகத்தான் அலைக்கழித்திருந்தார். முதல் இடத்தில், போன வாரமே ஆள் எடுத்தாகிவிட்டது. அடுத்த இடத்தில் கேட்டது கணக்காளர். இவளோ கூட்டலுக்கே விரலை மடக்குகிறவள். அதற்கடுத்த இடத்தில் எல்லாம் கூடி வந்தது. கடைசியில், "பிள்ளைங்க?" என்றார்கள். "ரெண்டு சார்" என்றாள். "சொல்லி அனுப்பறோம்." இன்று வரை யாரும் சொல்லவுமில்லை, அனுப்பவுமில்லை.

அதனால் இந்த முறை டை தானே பயோடேட்டாவைத் திருத்திவிட்டார். வீட்டில் கிடந்த எட்டு வருஷமும், 'குடும்ப நிறுவனம் ஒன்றில் நிர்வாகி' ஆகியிருந்தது.

"எந்த நிறுவனம் சார்?"

"உங்க குடும்பந்தான். இதுல என்ன பொய்?"

கணவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். யாருடைய காரையோ பகலெல்லாம் ஓட்டுகிறான். இந்த வேலையும் கை நழுவினால், மூட்டை முடிச்சோடு நாத்தனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். நாத்தனார் இப்போதே முகத்தைத் தயார் செய்துவிட்டாள்.

தலையாட்டினாள்.

இடம், குழந்தைகளுக்கான பல் கிளினிக். வரவேற்பில் உட்காரும் வேலை. வாசலில் கொட்டை எழுத்தில், 'உங்கள் குழந்தை, எங்கள் குழந்தை.'

இன்டர்வியூ எடுத்தது ஒரு மேனேஜரம்மா. கொண்டையும் இறுக்கம், முகமும் இறுக்கம்.

"கல்யாணம்?"

"ஆகலை." சொல்லும்போது கணவன் முகம் கண் முன்னால் வந்து போனது. பாவம், டிரைவர் தொப்பியோடு.

"நல்லது. குழந்தை, குட்டி, ஜுரம், இருமல்னு லீவு கேக்கறவங்க இங்கே சரிப்பட மாட்டாங்க. டாக்டர் இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. நானும்தான்."

அப்போது வெளியே ஒரு அலறல். ஒரு வாண்டு நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு, "மாட்டேன் போ!" என்று கத்தியது. நர்ஸ் ஒரு பக்கம் இழுக்க, அம்மா ஒரு பக்கம் கெஞ்ச, கூட இருந்த குழந்தைகளும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டன.

யோசிப்பதற்குள் அவள் எழுந்து போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லைக் காட்டாதேடா கண்ணா. நல்லா இறுக்கி மூடிக்கோ. டாக்டர் ஏமாந்து போகட்டும்."

அலறல் நின்றது.

"உள்ளே ஒரு நாற்காலி இருக்காம். தானே மேலே ஏறுமாம், கீழே இறங்குமாம். நிஜமா, புளுகான்னு நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றியா?"

வாண்டு எழுந்து நடந்தது. போகிற போக்கில் அதன் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்து அனுப்பிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மேனேஜரம்மா அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள். "பழக்கம் போலிருக்கு?"

"பக்கத்து வீட்டுல... நிறைய குழந்தைங்க மேடம்."

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் போன் அடிக்க வேண்டுமா?

"ஸ்கூல்ல இருந்து பேசறோம். உங்க சின்னப் பொண்ணு ஊஞ்சல்ல இருந்து விழுந்துட்டா. நெத்தியில அடி. அப்பா போனை எடுக்கலை. உடனே வாங்க."

அவள் சட்டென்று எழுந்தாள்.

"யாரு போன்ல?"

"ஸ்கூல். என் பொண்ணு விழுந்துட்டா."

சொல்லியாயிற்று. இனி விழுங்க முடியாது.

"ஆமா மேடம், எனக்குக் கல்யாணம் ஆச்சு. ரெண்டு பிள்ளைங்க. பொய் சொன்னது தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். எங்க குழந்தை உங்க குழந்தைன்னு வாசல்ல எழுதி வெச்சிருக்கீங்களே, பெத்தவளுக்கு மட்டும் உள்ளே இடம் கிடையாதா?"

மேனேஜரம்மா எழுந்து போய், டாக்டர் அறைப் பக்கத்துக் கதவைச் சாத்தினாள்.

"சத்தம் போடாதீங்க."

"போடலை. நான் கிளம்பறேன்." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நில்லுங்க. பொண்ணைப் பாத்துக்கிட்டு, நாளைக்குக் காலைல வேலைக்கு வந்துடுங்க."

"மேடம், இப்ப நான் சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழலை. டாக்டர் காதுலயும் விழலை." குரல் இன்னும் இறங்கியது. "இனிமே ஸ்கூல்ல இருந்து போன் வந்தா, அக்கா குழந்தைன்னு சொல்லுங்க. ஜுரம், அடி, ஆண்டு விழா, எதுவானாலும் எல்லாம் அக்கா குழந்தைக்குத்தான். லீவும் கிடைக்கும், கூடப் பொறந்தவ மேல எவ்வளவு பாசம்னு டாக்டர் பாராட்டவும் செய்வார்."

அவள் விழித்தாள். "எனக்கு அக்காவே கிடையாதே மேடம்!"

"எனக்கு மட்டும் இருக்காளா? அவளுக்கு மூணு பிள்ளைங்க!"