நல்ல பிரிண்ட்

பரசுராமன் செங்கம் ரோட்டில் வீடியோ கடை வைத்திருந்த காலத்தில், அவர் மனைவி எழிலரசி ஒரே ஒரு பழைய பாட்டுக் காமெடிப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். கேசட் தேய்ந்து, முகங்களின் மேல் மழை பெய்யும்.

"நல்ல பிரிண்ட் கெடைச்சா எடுத்துனு வாங்க" என்பாள். கிடைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகு சிடி வந்தது. முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. கடையையும் மூடியாயிற்று.

போன ஞாயிறு மதியம் மகள் வினோதினி சென்னையிலிருந்து அதே படத்தின் டிவிடியோடு வந்தாள். "தொடைச்சு வெச்ச மாதிரி இருக்குதுப்பா, பாரு" என்று போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

பரசுராமன் அலுப்போடு பார்த்தார். நாடகக் கொட்டகைப் பாட்டு வந்தது. இத்தனை வருடமாய் வெறும் புள்ளிகளாய்க் கிடந்த கூட்டம் இப்போது ஆள் ஆளாகத் தெரிந்தது. மூன்றாவது வரிசையில் எழிலரசி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இடம் பிடிப்பது போல, அதன் மேல் ஒரு கட்டம் போட்ட துண்டு கிடந்தது. ஓரத்தில் அவர் பீடி சுட்ட ஓட்டை.

பரசுராமன் தோளைத் தடவினார். காலையில் போட்ட துண்டு அங்கே இல்லை.

தாமதமாய் வந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரக் குனிந்தார். எழிலரசி துண்டின் மேல் கையை வைத்தாள். பாட்டுச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. வாயசைவு தெளிவாகத் தெரிந்தது.

"ஆள் வருது."