பொறுப்புக் கையெழுத்து

அந்தத் தீவுக்கு வருகிற வெளியாளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் படகுத்துறைக்கே வந்து பொறுப்பேற்க வேண்டும். ரோஸ்லின் படிவத்தில், அறை வாடகைக்கு விடும் சந்தியாகுவின் பெயரை எழுதினாள். பன்னிரண்டு வருடம் வாய்க்குள்ளேயே மென்ற பெயர். கடலில் தத்தளித்த அவள் தம்பிக்கு ஒரு கயிறு வீசாமல் படகைத் திருப்பிக்கொண்டு போனவன்.

சந்தியாகு சிரித்துக்கொண்டே வந்தான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எத்தனை நாளும்மா தங்குவீங்க?"

"வந்த வேலை முடியிற வரைக்கும்ண்ணே."

அதிகாரி படிவத்தை நீட்டினார். "வாசிச்சுட்டுப் போடுங்க."

"எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன், சார்!"

'இவரால் இங்கே எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு' என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டான். அவள் பெட்டியையும் அவனே தூக்கினான்.

"என்னம்மா இந்தக் கனம்? உள்ள என்ன இருக்கு?"

"கயிறுண்ணே."